கொமர்ஸ் வகுப்புக்கு ஆள் காணா

நான் ஏ.எல் கொமர்ஸ் படிச்சவன். வணிகக் கல்வி, பொருளியல், கொம்பியூட்டர், மூண்டும். கல்முனையில ஒரு ஸ்கூல்ல முன் வாங்குல இரிந்து படிச்சவன். சரி, பொய். அஞ்சாம் ஆண்டு முடியிறத்துக்கு முதலே ஸ்கூலுக்கு என்னையும் பிடிக்கல்ல, எனக்கு ஸ்கூலையும் பிடிக்கல்ல, சண்ட சச்சரவு இல்லாமப் பிரிஞ்சிட்டம். ஆனா கொமர்ஸ் வகுப்புக்குள்ள போனது மெய். முன் வாங்குல இரிந்ததும் மெய். படிக்கப் போகல்ல, அவ்வளவுதான். பாய் விக்கிற என்ட தொண்டைய கொம்பியூட்டருக்குள்ள ஏத்தப் போன.

அந்தத் தொண்டைதான் இந்தா, சந்தையில என்ட தலைக்கு மேல, குடைக் கம்பில தொங்கிற மைக்குல இப்பயும் கத்திட்டு இரிக்கி. "வாங்க உம்மா வாங்க, வாங்க ராத்தா வாங்க! பாய் வாங்கினா நித்திர இலவசம்!" மூண்டு தரம் கத்துவன். அதுக்குப் புறகு ஒரு பொம்புளக் குரல், நல்லாக் களைச்ச குரல், "காணும் காக்கா, காணும்" எண்டு சொல்லும். டக்கெண்டு ஒரு சத்தம். மறுகா முதல்ல இரிந்து வாங்க உம்மா வாங்க. புதுசா வாற ஆக்கள் அந்தப் பொம்புளய பாய்க் கட்டுக்குப் பின்னால தேடுவாங்க. என்ட பொஞ்சாதி எண்டு நினைக்கிற ஆக்களும் இரிக்கி. என்ட பொஞ்சாதி காணும் எண்டு சொல்ற சாதி இல்ல. நம்மட பக்கம் போதும் எண்டத்த காணும் எண்டும், போதாது எண்டத்த காணா எண்டும்தான் சொல்ற. எங்கட வீட்டுல ரெண்டாவது சொல்லுதான் புழக்கம்.

அது கொமர்ஸ் டீச்சர்ர குரல், காக்கா எண்டா அண்ணன், அது நான். அவட பேர நான் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டது இல்ல, இப்ப மட்டும் என்னத்துக்கு? வினாயகபுரத்தில இரிந்து வருவா. கடலுக்குப் போற குடும்பம். விடியமுதல் அவட தம்பி தோணியத் தள்ளுவான், இவ பஸ்ஸுக்கு நடப்பா. "எங்கட வீட்டுல ஒராள் மீனுக்குப் போறான், ஒராள் கொமர்ஸுக்குப் போறன், ரெண்டு பேருக்கும் இந்த வருசம் பாடு குறைவு, வலையில ஒண்டும் விழுதில்ல காக்கா" எண்டு ஒருக்கா சொன்னா. நான் சிரிச்சன், அவ சிரிக்கல்ல, சிரிக்கத் தெம்பு இல்ல. பஸ்ஸுல நிண்டு வந்து, வகுப்புல நிண்டு படிப்பிச்சி, திரும்ப பஸ்ஸுல நிண்டு போற பொம்புள. கண்ணுக்குக் கீழ கருப்பு. சாறிக் கரையில தெருப் புழுதி. கையில ஒரு பெரிய பேக், அதுக்குள்ள திருத்திறத்துக்குப் பேப்பரும் சோத்துப் பெட்டியும் ஒண்டை ஒண்டு நெரிச்சிட்டு இரிக்கும். அவ வாயில எப்பயும் காணாதான். நித்திர காணா. கொம்பியூட்டர் காணா, ஒரு பெட்டிக்கு மூண்டு புள்ளயள். பாடம் முடிக்க நேரம் காணா. அந்த வருசம் எல்லாத்தையும் விடப் பெரிய காணா ஒண்டு வந்திச்சி: வகுப்புக்கு ஆள் காணா.

என்ட மகள் அந்த வருசம்தான் ஓ.எல் பாஸ் பண்ணினா. எங்கட பரம்பரையில பாஸ் பண்ணின முதல் ஆள், அதால வீட்டுல ஒருத்தருக்கும் அடுத்தது என்ன செய்யிற எண்டு தெரியா. நான் ஊரெல்லாம் ரொட்டியும் சீனியும் குடுத்தன், அதுக்கு மேல எனக்கு வழி தெரியல்ல. மகள் சொன்னா, "எனக்கு கொமர்ஸ் வேணும் வாப்பா. கொம்பியூட்டரும் வேணும்." ஏன்டா மகள் எண்டு கேட்டன். "நீங்க பாய் விக்கிற கணக்கு எனக்கு விளங்குதில்ல வாப்பா. நிறைய விக்கிறீங்க, ஒண்டும் மிஞ்சிறல்ல." எனக்கும்தான் விளங்கல்ல, ஆனா வாப்பா எண்ட மரியாதைக்கு, "அது பெரிய விசயம், போகப் போகத் தெரியும்" எண்டு சொல்லி வெச்சன்.

அந்த நேரம்தான் பிரின்சிபல் சேர் பெத்தாக்கள எல்லாம் கூப்பிட்டாரு. ஆம்புளப் புள்ளயள் ஓ.எல் முடிஞ்ச கையோட கட்டாருக்கு உழைக்கப் போறாங்க, மிச்சப் பேர் ஆர்ட்ஸுக்குப் போறாங்க, கொமர்ஸுக்கு எழுதினது கொஞ்சம் புள்ளயள்தான், எல்லாம் பொம்புளப் புள்ளயள். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் சேரல்ல எண்டா பிரிவ மூடச் சொல்லி மேல இரிந்து வந்திரிக்கி எண்டாரு. மூடினா கொமர்ஸ் படிக்க அடுத்த ஊருக்கு பஸ்ஸுல போகணும். என்ட பொஞ்சாதி அந்த இடத்திலயே முக்காட்ட இழுத்துப் போட்டுட்டு, "அப்ப காணும், தையல் மெசின் இரிக்கி" எண்டு என்ட காதுக்குள்ள சொன்னா. பாருங்க, அவ காணும் எண்டு சொன்னது அந்த ஒரு தரம்தான், அதுவும் புள்ளட படிப்புக்கு. அவளையும் குத்தம் சொல்ல ஏலா. அந்த பஸ்ஸுல சனம் தொங்கிற தொங்கல நானே பாத்து, ரெண்டு தரம் இறங்கி நடந்திரிக்கன். மகள் பெரியம்மாட மகன் படிச்ச பழைய வணிகக் கல்விப் புத்தகத்த வாங்கி, அழகா உறை போட்டு, மடியில வெச்சிட்டு இரிந்தா. அந்த உறையத் தடவித் தடவி இரிந்தா. எனக்கு அதப் பாக்க ஏலல்ல.

டீச்சர் எழும்பி பாடத்த விளங்கப்படுத்தினா. என்னென்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம். கரும்பலகையில பெரிசா ஒரு சொல் எழுதினா. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன். சந்தை. படுத்தல். வாசிச்சு முடிச்ச உடன எனக்கு நெஞ்சு நிறைஞ்சிட்டு. கைய உசத்தினன்.

"டீச்சர், அதப் படிக்கவா ரெண்டு வருசம்? நான் இருவது வருசமாச் சந்தையிலதான் படுக்கிற. பகல் சோறு திண்டா பாய் மேல ஒரு படுத்தல், வியாபாரம் இல்லாட்டி இன்னொரு படுத்தல்."

சனம் எல்லாம் கொல்லெண்டு சிரிச்சிச்சி. மகள் புத்தகத்தால முகத்த மறைச்சா. டீச்சர் சுண்ணக்கட்டியோட நிண்டு என்னப் பாத்தா. கோவிக்கப் போறா எண்டு நான் கதிரைக்குள்ள சுருண்டன். அவ சொன்னா, "காக்கா, நீங்க சந்தையில என்ன கத்துவீங்க? ஒருக்காச் சொல்லுங்க." சொன்னன். பாய் வாங்கினா நித்திர இலவசம். "இதுதான் சந்தைப்படுத்தல்" எண்டா. "பாய விக்காம நித்திரய விக்கிறீங்க. இத நான் புள்ளயளுக்கு ஒரு கிழமை எடுத்துச் சொல்லியும் விளங்கல்ல." மறுகா கொஞ்சம் குனிஞ்சி, களைச்ச குரல்ல கேட்டா, "எங்கட வகுப்பையும் ஒருக்காக் கூவி விப்பீங்களா காக்கா?"

எனக்கு இத விட வேற என்ன வேணும்? ஸ்கூல் துரத்தின ஆள, ஸ்கூலே கூப்பிட்டுக் கூவச் சொல்லுது.

அடுத்த நாள் கொம்பியூட்டர் அறைக்குப் போன. வாசல்ல செருப்பக் கழட்டச் சொன்னாங்க. உள்ளுக்கு விரிப்பு, குளிர், சத்தம் இல்ல, எல்லாரும் மெல்லக் கதைக்காங்க. "தொழுகைக்குப் போற மாதிரி கை கால் கழுவி ஒளு எடுத்திட்டா வரணும்?" எண்டு கேட்டன். புள்ளயள் வாயப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. கொம்பியூட்டருக்கெல்லாம் பூப்போட்ட துணி தைச்சுப் போத்தியிரிந்திச்சி, புதுப் பொண்ணு மாதிரி. முன் வாங்குல என்ன இரித்தி, முகத்துக்கு நேர ஒரு சின்ன மைக்க வெச்சி, "கதைங்க மாமா" எண்டாங்க. நான் சந்தையில கத்திற மாதிரிக் கத்தினன். திரையில பச்சையா ஓடின கோடு சிவப்பாப் போய் மேல முட்டிச்சி, பக்கத்து வகுப்புல இரிந்து ஒரு சேர் ஓடி வந்தாரு, ஆருக்கு என்ன நடந்த எண்டு. மெல்லக் கத்துங்க எண்டாங்க. மெல்லக் கத்திறது எப்படி? எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான், கத்திறது, வாய மூடுறது. திரும்பத் திரும்பக் கத்தினன். வகுப்புக்கான கூவலும் அங்கதான் பதிஞ்ச, என்ட பாய்க் கூவலும் கைம்மாறா அங்கதான் பதிஞ்ச. புள்ளயளுக்கு அது செயன்முறைப் பாடமாம். பாய்க் கூவல் கடைசியாப் பதியக்க எனக்கே குசி வந்து நிப்பாட்டாம ஓட, பின்னால தலையக் கையில தாங்கிட்டு இரிந்த டீச்சர் சொன்னதுதான் அந்த, "காணும் காக்கா, காணும்." அதும் சேந்து பதிஞ்சிட்டு. அண்டு வரைக்கும் அவ காணும் எண்டு சொன்ன ஒரே சாமான் என்ட சத்தம்தான்.

வகுப்புக் கூவல் இதுதான்: "வர்த்தகப் பிரிவில சேருங்க! சந்தைப்படுத்தல் படிக்கலாம்! கொம்பியூட்டர் பாடமும் இலவசம்!" மகள்தான் எழுதிக் குடுத்தா. அத ஆட்டோவுல போட்டுட்டு ஊரச் சுத்தினன். ஊருக்குள்ள மட்டும் சுத்தச் சொன்னாங்க. எனக்கு அண்டைக்கு இறக்காமப் பக்கம் பாய் வியாபாரம், வெள்ளாமை வெட்டி முடிஞ்ச நேரம், சனத்துக்கிட்ட கையில காசு. இரிக்கிற மைக்க என்னத்துக்கு மூடணும் எண்டு அங்கயும் போட்டுட்டுப் போன. வரிப்பத்தான்சேனை வரைக்கும் போன. அந்த றோட்டு உங்களுக்குத் தெரியாட்டி சொல்லுறன், றோட்டுக்கு நடுவுல குழி இல்ல, குழிக்கு நடுவுலதான் றோட்டு. என்ட மைக்குட வயர் ஒவ்வொரு குழிக்கும் ஒருக்கா விட்டுப் போய் மறுகா வந்திரிக்கி. நான் முன்னுக்கு இரிந்து ஓட்டுற, எனக்குக் கேக்கல்ல. விட்ட இடம் பாத்து விட்டிரிக்கி. பாடம் எண்ட சொல்லு குழிக்குள்ள விழுந்திட்டு. சனத்துக்குக் கேட்டது, "கொம்பியூட்டர்... மும் இலவசம்!"

வெள்ளிக்கிழமை காலம்பற ஸ்கூல் வாசல்ல ஒரு ட்ரக்டர். பெட்டியில ஆக்கள். ஒராள்ட தோள்ள நாலு வெத்து உரப்பேக், கையில கயிறு. பேக் என்னத்துக்குக் காக்கா எண்டு வாச்சர் கேட்டிரிக்காரு. "கொம்பியூட்டர் போற வழியில புழுதி படக்குடாதே, சுத்திக் கட்டணும்" எண்டிரிக்காரு அந்த வரிப்பத்தான்சேனைக் காரர். செய்தி கேட்டு நான் சந்தைய விட்டுட்டு ஓடிப் போன. பிரின்சிபல் சேர் என்னப் பாத்த பார்வையில நான் மறுகாவும் அஞ்சாம் ஆண்டுக்குப் போய்ட்டன்.

டீச்சர்தான் ஆக்கள உள்ள கூப்பிட்டா. செருப்பக் கழட்டச் சொன்னா, உரப்பேக்கையும் வெளியில வெக்கச் சொன்னா. துணியத் தூக்கி ஒரு கொம்பியூட்டரக் காட்டினா. "காக்காமார், பெட்டிய நான் தர ஏலா. அது ஸ்கூல்ட. நீங்க உங்கட புள்ளயத் தாங்க, நான் இதுக்குள்ள இரிக்கிறத்தப் புள்ளட தலைக்குள்ள வெச்சித் தாறன். அதுக்கு உரப்பேக் தேவைப்படா." ரெண்டு மூண்டு பேர் கோவத்துல எழும்பினாங்க. வரிப்பத்தான்சேனைக் காரர் மட்டும் இரிந்து கேட்டாரு, "வயலுக்குள்ள யானை வாறத்த இதுல பாக்க ஏலுமா டீச்சர்?" ஏலா எண்டா. "யானை வந்து தின்னதுக்கு மேல மிஞ்சிற நெல்ல என்ன விலைக்கு விக்கிறீங்க காக்கா?" எண்டு கேட்டா. அவர் சொன்னாரு, "நாங்க எங்க விக்கிற, லொறியில வாறவன் சொல்ற விலை." டீச்சர் சொன்னா, "அந்த விலைய ஆர் வெக்கிற, ஏன் வெக்கிற, எப்ப வித்தா கூட வரும், அதத்தான் நான் படிப்பிக்கிற. யானைய உங்களுக்குக் கண்ணால தெரியும். இது கண்ணுக்குத் தெரியாம வந்து திண்டிட்டுப் போறது." அவர் கயித்தச் சுருட்டி மடியில வெச்சிட்டு வெளிய போனாரு. ட்ரக்டரும் போய்ட்டு. ஒண்டு ரெண்டு பேர் புள்ளயளுக்குப் பேர் குடுத்தாங்க. டீச்சர் கரும்பலகையப் பாத்துட்டு நிண்டா. "இன்னும் காணா காக்கா" எண்டா.

அண்டு பின்னேரம் பஸ்ஸுக்கு நிக்க நேரம் இரிக்கி எண்டு அவ என்ட பாய்க் கட்டுப் பக்கம் வந்து குந்தினா. சந்தை வாசல்லதான் அவட ஊரால போற பொத்துவில் பஸ் நிக்கும். "பிரின்சிபல் சேர் பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் பாக்காராம்" எண்டா. "மூடினா புள்ளயள் வீட்டுலதான் காக்கா. ஒரு புள்ளயும் அடுத்த ஊருக்குப் போகா." என்ட மகளும்தான் எண்டு அவவும் சொல்லல்ல, நானும் சொல்லல்ல. ஒரு பிளேன்டி வாங்கப் போன. வந்து பாத்தா டீச்சர் பாய்க் கட்டுல தலையச் சாச்சி, பேக்கக் கட்டிப் பிடிச்சிட்டு நித்திர. வாய் கொஞ்சம் திறந்து, புள்ள மாதிரி.

மேல மைக் கத்திட்டு இரிக்கி, பாய் வாங்கினா நித்திர இலவசம். நான் எட்டி நிப்பாட்டினன். இருவது வருசத்துல சந்தை நேரம் என்ட கடை சத்தமில்லாம இரிந்தது அண்டுதான். பக்கத்துக் கருவாட்டுக் கடைக் காரன் தலைய நீட்டி, "என்ன மச்சான், மௌத்தாகிட்டியா?" எண்டான். வாயில விரல வெச்சிக் காட்டினன். பாய் கேட்டு வந்த ஒரு உம்மாக்குச் சைகையால விலை சொன்னன், அவ சைகையாலயே பாதி விலைக்குக் கேட்டா, வழக்கு நடத்த ஏலாமக் குடுத்திட்டன். பிளேன்டி ஆறிட்டு. எனக்கு அண்டைக்கு ஒண்டு விளங்கிச்சி. பாய் விக்கிற எனக்கு நித்திரய விக்கத்தான் தெரியும். நித்திர இல்லாத ஆள் எப்படி இரிக்கும் எண்டு நான் கிட்ட நிண்டு பாத்ததே இல்ல.

அஸர் தொழுகைக்குப் புறகு அந்த ட்ரக்டர்ர சத்தம். வரிப்பத்தான்சேனைக் காரர்தான். பெட்டியில உரப்பேக் விரிச்சி அதுக்கு மேல ரெண்டு பொம்புளப் புள்ளயள், ஒண்டு இவர்ர மகள், மத்தது இவர்ர காக்காட மகள். ஸ்கூல் பூட்டியிரிந்தத்தால பாய்க் காரனத் தேடி வந்திரிக்காரு. "தங்கச்சிர வீடு கல்முனையிலதான், புள்ளயள் அங்க நிண்டு படிக்கட்டும்" எண்டாரு. "டீச்சர் எங்க?" நான் மெல்லக் காட்டினன். மெல்லக் கதைக்க அவருக்கும் தெரியா, வயல்ல கூப்பிட்டுப் பழகின தொண்டை. டீச்சர் துடிச்சிட்டு எழும்பினா. புள்ளயளப் பாத்தா. ட்ரக்டரப் பாத்தா. போனை எடுத்தா. "சேர், ஆள் காணும். ஓம் சேர், மெய்தான். காணும்." போனை வெச்சிட்டு மறுகாவும் ஒருக்கா மெல்லமா, தனக்கே சொல்ற மாதிரி, காணும் எண்டா. நான் வீட்டுக்குப் போன் அடிச்சி மகளுக்குச் சொன்னன். அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சிற சத்தம். தையல் மெசின் இப்பயும் இரிக்கி, அந்த ரெண்டு வருசமும் அதுக்கு மேலதான் அவட புத்தகம் எல்லாம் அடுக்கி இரிந்திச்சி.

அந்த வகுப்பு முடிஞ்சி இப்ப வருசங்கள் போய்ட்டு. மகள் போன்ல படம் போட்டுப் பாய் விக்கிறா. நான் நாள் முழுக்கக் கத்தி விக்கிறத்த அவ வீட்டுல இரிந்து சத்தமில்லாம விக்கிறா, மிஞ்சவும் மிஞ்சுதாம். சனம் சந்தைக்கு வாறது குறைஞ்சிட்டு. என்ட தொண்டையும் போய்ட்டு, டொக்டர் கத்தக் குடா எண்டிட்டாரு, அதால நான் வாங்குல இரிக்கன், மைக் எனக்காகக் கத்துது. இத எழுதினது கூட நான் இல்ல, போனுக்குள்ள கதைச்சா எழுத்தா விழுது, மகள்தான் காட்டித் தந்தா. டீச்சருக்கு ஊருக்குக் கிட்ட மாத்தம் கிடைச்சிட்டு, இப்ப ஸ்கூலுக்கு நடந்து போறாவாம். நல்லா நித்திர கொள்ளட்டும். இஞ்ச இந்த வருசமும் கொமர்ஸுக்கு ஆள் காணா எண்டு கதைக்காங்க. எனக்கு இனி வரிப்பத்தான்சேனை வரைக்கும் ஆட்டோ ஓட்ட முதுகு இல்ல. மகள் ஒரு நாள் கேட்டா, அந்த மைக்குல கடைசித் துண்ட வெட்டி விடட்டா வாப்பா, சனம் சிரிக்கி எண்டு. வேணா மகள் எண்டன்.

ஆ, பஸ் கதைய விட்டிட்டன். டீச்சர் போன் கதைச்சி முடிச்சித் திரும்பிப் பாக்கக்க பொத்துவில் பஸ் இல்ல. அவ நித்திரயில இரிக்கக்க வந்து போய்ட்டு. சத்தம் போடாமப் பாத்துக்கொண்ட நான் பஸ்ஸப் பாக்கல்ல. "சந்தையில படுத்தா பஸ் போயிடும் எண்டு நோட்ஸுல சேக்கணும் காக்கா" எண்டா. ஏத்தினன் ஆட்டோவுல. சாய்ந்தமருது தாண்டி, காரைதீவு தாண்டி, நிந்தவூர்ல பஸ்ட பின்பக்கம் தெரிஞ்சிச்சி. நிப்பாட்டச் சொல்லிக் கத்துறத்துக்கு மைக்கப் போட்டா, அவசரத்துல மாறி அமத்திட்டன், மைக் பாய் விக்குது! கொண்டக்டர் பொடியன் வாசல்ல தொங்கிட்டு, "நமக்குப் பாய் வேணா காக்கா, போங்க!" எண்டு கத்திறான். பின்னால டீச்சர் வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிக்கா, அவ சிரிச்சி நான் கண்டது அதுதான். ஒரு மாதிரி முந்திக் குறுக்கால விட்டு, பஸ்ஸ நிப்பாட்டி ஏத்தி விட்டன். பஸ் எடுக்கக்க டீச்சர் ஜன்னலால தலைய நீட்டி, கண்ணத் துடைச்சிட்டு, என்னப் பாத்து சொன்னா —

"காக்கா! ஓய் பாய்க் காக்கா! உங்கட ஆட்டோவ எடுங்க, பொத்துவில் பஸ் திரும்ப ஏலாம நிக்கிது!"

இது டீச்சர் இல்ல, சந்தை வாசல்ல ஒரு பொடியன். வாறன் தம்பி, வாறன். இரிங்க, இந்தச் சொல்ல மட்டும் சொல்லிட்டு...

"கெதியா வாங்க காக்கா!"

இந்தா வந்திட்டன், போன் இந்த வாங்குலயே கிடக்கட்டும்.

பாய் வாங்கினா நித்திர இலவசம். பாய் வாங்கினா நித்திர இலவசம். பாய் வாங்கினா நித்திர இலவசம்.

காணும் காக்கா, காணும்.